கோடை இசை விழாவின் கலைஞர் பட்டியல் ஏமாற்றினால் என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோடை டிசம்பரில்தான் தொடங்கும். பள்ளிகள் அடைத்து, அலுவலகங்களும் விடுமுறை விட்டபின் இசை விழாக்கள் தொடங்கும். சென்ற ஆண்டு அப்படி ஒரு விழாவுக்கு, யார் பாடப்போகிறார்கள் என்று தெரியாமலே, முதற்கட்டச் சலுகை விலையில் மூன்று டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். பட்டியல் வெளியான இரவு மனம் விட்டுப்போயிற்று. ஆண்டுக்கணக்காக எதிர்பார்த்த குழு அதில் இல்லை. மேல் வரியில் இருந்த இருவரும் முந்தைய ஆண்டே வந்துபோனவர்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து சேர்த்த இந்தத் துறைமுக நகரில், மூன்று மேடை போட்டு நடத்தும் விழாவில் ஓர் உறுமிக்குக்கூட இடமில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்காக, அன்று முதல் நான் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் எழுதுகிறேன்.

முதல் இரவு எதுவும் செய்யாதீர்கள். டிக்கெட்டை விற்கவும் வேண்டாம், யாருக்கும் கடிதம் எழுதவும் வேண்டாம்.

மறுநாள், பட்டியல் ஏன் இப்படி அமைந்தது என்று பாருங்கள். காரணம் புரிந்தால் கோபம் சரியான இடத்தில் போய் நிற்கும். வட நாடுகளின் விழாப் பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். அந்த மாதங்களில் ஒரு குழு பேருந்திலேயே ஊர் ஊராகப் போய் வாரத்துக்கு இரண்டு மூன்று விழாக்களில் வாசித்துவிட முடியும். நமது டிசம்பரிலோ அவர்களில் பலர் ஓய்வில் இருப்பார்கள். இங்கே அழைக்க வேண்டுமானால் நீண்ட விமானப் பயணமும், கருவிகளுக்கான சரக்குக் கட்டணமும், டாலரில் பேசிய ஊதியத்தை நம் நாணயமான ரேண்டில் திரட்டும் சுமையும் சேர்கின்றன. ஒரே மேடைக்காக இது கட்டுப்படியாகாது. ஜோஹானஸ்பர்கும் கேப் டவுனும் கூட்டுச் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும், டர்பன் பெரும்பாலும் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போகும். இதோடு, விழாவில் ஒப்பந்தமான கலைஞர் குறிப்பிட்ட காலம்வரை, குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறு மேடை ஏறக்கூடாது என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. நீங்கள் எதிர்பார்த்த குழு வராததற்கு இன்னொரு நகரத்து விழாகூடக் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, சுவரொட்டியை அச்செடுத்துக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். எழுத்தின் அளவும் பெயரின் வரிசையும் முகவர்கள் பேரம் பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குபவை. அவை சந்தை மதிப்பைக் காட்டுமே தவிர வாசிப்பின் தரத்தைக் காட்டா. நாளுக்கு மூன்று பெயர் வீதம், பென்சிலை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் செதுக்கி எடுத்த பாடலைவிட மேடையில் பதிவான ஒன்றைத் தேடிக் கேட்பதே சரி, ஏனெனில் நீங்கள் பார்க்கப்போவது மேடையைத்தான்.

இந்த வேலையில்தான் என் மனம் மாறத் தொடங்கியது. அடியிலிருந்து இரண்டாம் வரியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், ஒரு மஸ்கண்டி குழுவின் பெயர் இருந்தது. ஜூலு மக்களின் இந்த இசையில், பாட்டு தொடங்கும் முன் கித்தார் மட்டும் தாளக்கட்டுக்குள் அடங்காமல் தனியே ஓடிவரும். அதற்கு இஸிஹ்லாபோ என்று பெயர். சுருதி சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், இனி வரும் பாட்டின் போக்கைக் காட்டுவதும் அந்த ஒரே ஓட்டத்தில் நடந்துவிடும். ஆலாபனை கேட்டு வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு பாட்டின் நடுவே கலைஞர் தம் குலத்தையும் ஊரையும் பெருமையையும் மூச்சு விடாமல் கொட்டுகிறார். இஸிபோங்கோ எனப்படும் அந்தப் பொழிவு, சுவாமி புறப்பாட்டின்போது கட்டியம் கூறுவதைக் கேட்பதுபோலவே இருந்தது. சமையலறை மேசையில் அடுப்பு அணைந்தபின்னும் அமர்ந்து அதே பதிவை நான்கு முறை கேட்டுவிட்டு, அந்தச் சிறிய பெயரைச் சுற்றி வட்டமிட்டேன். இந்த நகரின் புறநகர்களிலேயே பிறந்த கொம் எனும் மின்னணு நடன இசையை வாசிக்கும் இளைஞர்கள் இருவரின் பெயர்களும் அதே பக்கத்தில்தான் இருந்தன.

எல்லாப் பெயரையும் கேட்டு முடித்தபின் வட்டங்களை எண்ணுங்கள். ஒரு நாளில் முழு நேரமும் நின்று கேட்க விரும்பும் கலைஞர் நால்வராவது இருந்தால் போகலாம் என்பது என் அளவுகோல். அதற்குக் குறைந்தால் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மேடை நடந்தால் ஒன்றை இழப்போம் என்பதையும், டர்பனின் கோடை மழைக்காலமும் ஆதலால் மாலை இடியுடன் பெய்யும் மழை ஒரு மணி நேரத்தையாவது பறித்துக்கொள்ளலாம் என்பதையும் கழித்துக்கொண்டே எண்ண வேண்டும்.

போவதில்லை என்று முடிவானால் டிக்கெட்டை உடனே கவனியுங்கள். “பணம் திருப்பித் தரப்படாது” என்று அதில் அச்சிட்டிருப்பதைக் கண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன், அது தவறு. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்துசெய்யும் உரிமையை நமக்குத் தருகிறது. விற்றவர் நியாயமான ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். அது நியாயமா என்பதை, எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், அந்த இடத்தை வேறொருவருக்கு விற்க வாய்ப்பு இருந்ததா என்பவற்றையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஆகவே இரண்டு மாதம் முன்னதாக எழுதுபவருக்கும் இரண்டு நாள் முன்னதாக எழுதுபவருக்கும் ஒரே பதில் கிடைக்காது. தொலைபேசியில் பேசுவதோடு நிற்காமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். டிக்கெட் எண்ணையும் வாங்கிய தேதியையும் பிரிவு எண்ணையும் குறிப்பிடுங்கள்.

அமைப்பாளர்களுக்கு எழுதும் கடிதம் வேறு; அதற்குக் காலம் பார்க்க வேண்டும். அறிவித்த பட்டியலை எந்தக் கடிதமும் மாற்றப்போவதில்லை. அடுத்த ஆண்டுக்கான கலைஞர்களைப் பல மாதங்களுக்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், விழா முடிந்த ஓரிரு மாதங்களுக்குள் எழுதுவதே ஏற்றது. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எத்தனை ஆண்டுகளாக வருகிறீர்கள், எத்தனை பேரை அழைத்துவந்தீர்கள் என்று தொடங்கி, பிடித்துப்போன கலைஞர் ஒருவரைப் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு, பிறகு குறையைச் சொல்லுங்கள். “தமிழிசைக்கு இடமில்லை” என்று மட்டும் எழுதினால் யாரும் எதையும் செய்ய இயலாது. உறுமிக் குழுவில் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை ஒலிவாங்கி வேண்டும், எந்த நேரத்தில் எந்த மேடைக்குப் பொருந்துவார்கள் என்பதை அந்தக் குழுவிடமே கேட்டு எழுதினால், படிப்பவர் அதை அப்படியே கூட்டத்தில் எடுத்து வைக்க முடியும்.

இந்த விவரங்களைத் திரட்டத் தைப்பூசக் காவடியைவிட நல்ல இடம் இல்லை; அது விழாக்கள் ஓய்ந்த கையோடு சனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வந்துவிடும். இவ்வாண்டு அம்பலவாணர் ஆலயத்தின் வெளியே, ஈரக்காற்றில் தளர்ந்த தோலைச் சூடு காட்டி இறுக்கிக்கொண்டிருந்த உறுமிக்காரர் ஒருவரிடம், “மேடையில் வாசிப்பீர்களா, ஐயா?” என்று கேட்டேன். “கேட்டால் வாசிக்க மாட்டோமா, தம்பி? இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றார். கடிதத்தின் மூன்றாம் பத்தியை அந்தச் சொற்களோடுதான் தொடங்கினேன்.