வண்டியில் ஒளிந்திருக்கும் கண்ணும் காதும்: ஜிபிஎஸ் பெட்டி, செட், செயலி சரிபார்ப்பது எப்படி

ஜப்பானிலிருந்து வந்த அக்வாவோ விட்ஸோ வைத்திருப்பவர்கள், பழைய நேவிகேஷன் திரையில் வீட்டுப் படம் போட்ட பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில வண்டிகளில் ஜப்பானில் ஏதோ ஓர் ஊரின் வரைபடம் இன்னும் விரியும். அது முதல் உரிமையாளரின் வீடு. அவர் அழிக்க மறந்தது கப்பலேறி வந்து, கண்டி வீதியில் மலையும் ஏறி, ஹட்டனில் நிற்கிறது. நாளைக்கு உங்கள் வண்டியும் இப்படித்தான் கைமாறும்.

இணையத்தோடு இணைந்த வாகனம் என்றால், 2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கிய பிறகு வந்திறங்கும் புது மின்சாரக் கார்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் பத்து, பதினைந்து வருடப் பழைய வேனும்கூட இணையத்தில்தான் இருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே, வண்டி நிற்கும் இடத்தை சிம் வழியாக அனுப்பும் ஒரு ஜிபிஎஸ் பெட்டியும், நடுவில் பாட்டும் வரைபடமும் ஓடும் ஒரு ஆண்ட்ராய்டு செட்டும் இருந்தால் போதும். நம்மூரில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

ஜிபிஎஸ் பெட்டி

பெட்டி இருக்கிறதா என்றே தெரியாமல் வண்டி வாங்குபவர்கள் உண்டு. தேட வேண்டிய இடங்கள்: ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே, மீட்டர் பலகைக்குப் பின்னால், குளோவ் பெட்டிக்கு மேலே, வேனில் சீட்டுக்கு அடியில், பற்றரிக்கு அருகில். ஜிபிஎஸ் அன்டெனா வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதால், பொருத்துபவர் அதை இரும்புக்கு அடியில் வைக்கமாட்டார். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில்தான் வைப்பார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, சின்னதாக மினுக்கும் லைட், பெரும்பாலும் நான்கு வயர்கள். சிவப்பு பற்றரிக்கும் கறுப்பு வண்டியின் இரும்பு பொடிக்கும் (உடலுக்கும்) போகும். இன்னொன்று சாவி திறந்திருக்கிறதா என்று பார்க்கும். நான்காவதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம். வண்டியின் அசல் வயர்க்கட்டில் இல்லாத புது டேப் சுற்று தெரிந்தால், அதைப் பின்தொடர்ந்து போங்கள். டூஜியில் ஓடும் பெட்டி என்றால் காதாலும் பிடிக்கலாம்: செட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் காத்திருங்கள். பெட்டி தகவல் அனுப்பும் நேரத்தில் ஸ்பீக்கரில் ‘டிட்டிட்டிட்’ என்று ஓர் இரைச்சல் வரும்.

காந்தத்தில் ஒட்டும் பெட்டிக்கு வயர் கிடையாது. வண்டியைக் குழியில் ஏற்றி, செசியின் உள்பக்கத்தையும் பம்பரின் உள்பக்கத்தையும் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். ஏர்டேக் போன்ற, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்ன வில்லையைத் தேட போனே போதும்: ஆண்ட்ராய்டில் பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதிக்குள், தெரியாத டிராக்கர் எச்சரிக்கை என்ற இடத்தில் கையால் ஸ்கேன் செய்யலாம். ஐபோன் தானாகவே எச்சரிக்கும்.

பெட்டி நீங்களே போட்டது என்றால் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலில் கடவுச்சொல். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து 123456 என்ற கடவுச்சொல்லோடுதான் வருகின்றன. 2022 ஜூலையில் மைகோடஸ் எம்வி720 என்ற பெட்டியை ஆராய்ந்த பிட்சைட் நிறுவனம் வெளியிட்ட குறைகளில் இதுவும் ஒன்று. அந்தக் குறைகளைப் பயன்படுத்தித் தூரத்திலிருந்து எரிபொருளையே நிறுத்தலாம் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பும் எச்சரித்தது. கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும்: இணையக் கணக்கில் ஒன்று, பெட்டிக்குள் இன்னொன்று. டிகே 103 வகைப் பெட்டியில் அதன் சிம் நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும்: ஆங்கிலத்தில் பாஸ்வேர்ட் என்ற சொல், அதை ஒட்டியே பழைய ஆறு இலக்கம், ஓர் இடைவெளி, புதிய ஆறு இலக்கம். இடைவெளி தவறினால் பெட்டி பதிலே அனுப்பாது. ‘வேலை செய்யவில்லை’ என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மற்ற மாடல்களுக்குக் கட்டளைத்தாள் பெட்டியோடு வரும். வரவில்லை என்றால் பொருத்தியவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சிம் யார் பெயரில்? பொருத்துபவர் அவசரத்தில் தன் அடையாள அட்டையிலேயே எடுத்துப் போட்டிருப்பார். அப்படியென்றால் அந்த நம்பருக்கு வேறு சிம் எடுக்கும் உரிமையும் அவருக்குத்தான். புது சிம்மை உங்கள் பெயரில் எடுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, காது. பல பெட்டிகளில் ஒரு சின்ன மைக் உண்டு. பெட்டியைக் கேட்கும் நிலைக்கு மாற்றி அதன் நம்பருக்கு அழைத்தால், வண்டிக்குள் பேசுவது அப்படியே கேட்கும். வண்டியில் மணி அடிக்காது. பயறு அளவு மைக், மெல்லிய இரட்டை வயரில், கழற்றக்கூடிய சொக்கெட்டில் இருக்கும். கழற்றிவிடுங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க மைக் தேவையே இல்லை.

நான்காவது, சிக்னல் இல்லாத இடம். கொத்மலைப் பக்கமோ தோட்டத்து உள்வீதியிலோ கவரேஜ் போனால் பெட்டியும் குருடாகிவிடும் என்று நினைக்காதீர்கள். போன வழியைத் தனக்குள் சேமித்து வைத்து, கவரேஜ் வந்ததும் மொத்தமாக அனுப்பும் மாடல்கள் நிறைய உண்டு.

நான்காவது வயர்

எரிபொருளை வெட்டும் வயர் இதுதான். சந்தேகம் இருந்தால் இதை மட்டுமாவது இன்றே பாருங்கள். ஐந்து கால் உள்ள 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று, எரிபொருள் பம்பின் வயரை வெட்டி நடுவில் போட்டிருக்கும். சாதாரண நேரத்தில் 30, 87ஏ என்ற இரண்டு கால்கள் வழியாக மின்சாரம் போகும். கட்டளை வந்தால் ரிலே அதை அறுத்துவிடும். கடுகண்ணாவையில் இறங்கும்போதோ ரம்பொடை வளைவிலோ இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பெடல் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு இறுகி, அழுத்தவே கஷ்டமாகிவிடும். வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்குக் கீழே வந்த பிறகே வெட்டும் பெட்டிகளும் உண்டு. மலிவான பெட்டி எதையும் பார்க்காது. யாரும் கட்டளை அனுப்பாவிட்டாலும் ஆபத்து உண்டு: முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நுவரெலியா ஈரத்தில் பூத்துப்போகும், குலுக்கலில் ரிலேயின் முனை தளரும். கராஜில் ‘பம்ப் போய்விட்டது’ என்று புதுப் பம்ப் போட்ட பிறகும் வண்டி வழியில் நிற்கும்.

திருட்டுப் பயத்துக்கு ரிலே வேண்டும் என்றால், பம்பில் போடாமல் ஸ்டார்ட்டர் வயரில் போடச் சொல்லுங்கள். அப்போது வண்டியை எடுக்க முடியாது; ஓடுகிற வண்டி நிற்காது. அக்வா போன்ற ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை என்பதால் அதில் ரிலேயே வேண்டாம். கழற்றும்போது பம்ப் வயரின் இரு முனைகளையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும்.

லீசிங் வண்டி என்றால் கை வைக்க வேண்டாம். சிஆர் புத்தகத்தில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) முழு உரிமையாளராக லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கும். பெட்டியைக் கழற்றினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். ஆனால் கேட்கலாம்: பெட்டி இருக்கிறதா, எத்தனை மாதப் பதிவை வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் காட்டுகிறீர்கள், கடைசித் தவணை கட்டியதும் எப்போது கழற்றுவீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைச் சொல்கிறது. தமிழிலேயே கடிதமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு கவுண்டரைத் தாண்டாது.

செட்

புளூடூத்தில் போனை இணைக்கும்போது ‘தொடர்புகளையும் அழைப்பு வரலாற்றையும் அனுமதிக்கவா’ என்று ஒரு கேள்வி வரும். எல்லாரும் சரி என்று தட்டிவிடுவார்கள். அந்த ஒரு தட்டில் முழுப் போன்புத்தகமும் செட்டுக்குள் போய் உட்காரும். பாட்டுக் கேட்க அது தேவையில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஆண்ட்ராய்டில் புளூடூத் பட்டியலில் வண்டியின் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டுத் தொடர்புப் பகிர்வை நிறுத்துங்கள். ஐபோனில் அதே இடத்தில் ஐ குறியைத் தொடுங்கள். பிறகு செட்டிலும் போனின் பெயரை அழிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் இறங்கிய பெயர்கள் அங்கேயே கிடக்கும்.

எல்ல, நுவரெலியா பக்கம் ஹயர் ஓடும் சாரதிகளுக்கு இது தினசரி வேலை. பயணி இறங்கியதும் அவர் போனைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். சார்ஜ் மட்டும் கேட்டால் செட்டின் யூஎஸ்பியைக் கொடுக்காமல், லைட்டர் சொக்கெட்டில் ஒரு சார்ஜரைப் போட்டுக் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டு செட்டில் உங்கள் சொந்த கூகுள் கணக்கைப் போடவே வேண்டாம். வரைபடத்துக்கும் யூடியூப்புக்கும் தனியாக ஒரு கணக்குத் திறந்து போடுங்கள். மின்னஞ்சலும் போட்டோவும் கராஜ் பையன் கைக்குப் போகாது.

புதுக் காரின் செயலி

கார் கொடுக்கும் நாளில், விற்பவரே தன் மின்னஞ்சலைப் போட்டுச் செயலியைத் திறந்து கொடுப்பார். உதவிதான், ஆனால் கணக்கு அவருடையது. உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் நம்பரிலும் மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள், இருபடிச் சரிபார்ப்பு இருந்தால் போடுங்கள். சாரதிக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் செயலியின் பகிரும் வசதியில் அவரைச் சேருங்கள். வேலையை விட்டுப் போகும் அன்றே நீக்கலாம். போனில் இருப்பிட அனுமதியைச் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வையுங்கள். காரின் அமைப்புகளில் தரவுப் பகிர்வு, ஓட்டும் பழக்கம், குரல் பதிவு என்று வருபவற்றில் கட்டாயமில்லாததை அணையுங்கள்.

இதையெல்லாம் அணைத்தாலும் கம்பெனியின் சேர்வரில் ஏதாவது இருக்கத்தான் செய்யும். 2023 மே மாதம் டொயோட்டா, ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் பேரின் வாகனத் தரவு பத்து வருடமாகத் திறந்து கிடந்ததாக அறிவித்தது. 2024 டிசம்பரில் வொக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தரவு அப்படியே அகப்பட்டது. அங்கே பூட்டுப் போட நம்மால் முடியாது. உள்ளே போவதைக் குறைக்கத்தான் முடியும்.

டாஷ்கேமராவில் வைஃபை கடவுச்சொல் பெரும்பாலும் 12345678. மாற்றுங்கள், ஹயரின்போது குரல் பதிவை அணையுங்கள். வண்டியின் கோளாறை ஸ்கேன் செய்ய, அதற்கென்றே உள்ள ஓபிடி சொக்கெட்டில் குத்திய புளூடூத் துண்டை, வேலை முடிந்ததும் கழற்றுங்கள்.

விற்கும் நாள்

வரிசை முக்கியம். முதலில் போனில் செயலியைத் திறந்து, கணக்கிலிருந்து வண்டியை நீக்குங்கள். பிறகுதான் காரின் திரையில் தொழிற்சாலை நிலைக்கு மாற்றுவது. திரையை மட்டும் அழித்தால் போதாது. பிணைப்பு சேர்வரில் இருப்பதால் வண்டி உங்கள் போனிலேயே நிற்கும், வாங்கியவரின் கதவை நீங்கள் திறக்கலாம்.

சீன செட்டில் ஓர் எச்சரிக்கை: சாதாரண அமைப்புகளில் ‘எல்லாத் தரவையும் அழி’ என்பதைத்தான் எடுக்க வேண்டும். இலக்கம் கேட்டுத் திறக்கும் தொழிற்சாலை அமைப்பு என்ற பக்கத்துக்குள் போய் ஏதாவது மாறினால் ரிவர்ஸ் கேமரா படம் போய்விடும். சரியாக அழித்த பிறகும் ஸ்டீயரிங் பட்டன்களை மறுபடி பழக்க வேண்டி வரலாம். நேவிகேஷன் எஸ்டி கார்டையும் டாஷ்கேமரா கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்குப் படம் போடும்போது சிஆர் புத்தகத்தில் பெயர், முகவரி, செசி நம்பர் மூன்றையும் மறையுங்கள். நிசான் லீஃபின் செயலியில் செசி நம்பரை மட்டும் வைத்துப் பிறர் காரின் ஏசியைப் போடவும் பயண விவரத்தைப் பார்க்கவும் முடிந்தது 2016இல் வெளிவந்தது.

வாங்குபவர் என்றால், பணத்தை முழுதாகக் கொடுப்பதற்கு முன் விற்பவரின் போனிலேயே செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வண்டி பட்டியலில் இல்லாமல் போன பிறகு உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். பதிவு ஏறவில்லை என்றால், பழைய கணக்கு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.