கான்சிக்வென்ஸ்: பாராட்டு மிரட்டலாகும் இடம்

பயிற்சி தந்தவருக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறீர்கள். "உங்கள் பயிற்சியின் விளைவுகளை எங்கள் ஊழியர்கள் உணர்கிறார்கள்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல அகராதியைப் புரட்டி, விளைவுகள் என்றால் கான்சிக்வென்சஸ் என்று போட்டுவிடுகிறீர்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர், தன் பயிற்சியால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்.

தமிழில் விளைவு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். கான்சிக்வென்ஸ் பெரும்பாலும் கெட்டதன் பக்கம் சாய்ந்தே நிற்கும். பன்மையில் வந்தால் சாய்வு இன்னும் கூடும். "தேர் வில் பி கான்சிக்வென்சஸ்" என்று மேலதிகாரி சொன்னால் அது தகவல் அல்ல, எச்சரிக்கை. "ஃபேஸ் த கான்சிக்வென்சஸ்" என்பதும் அப்படித்தான்: செய்ததற்கு அனுபவி என்று பொருள். நம் 'பின்விளைவு' இதற்கு நெருங்கிய உறவு. நல்லதைச் சொல்ல ரிசல்ட், பெனிஃபிட் போன்ற சொற்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விலக்கு உண்டு: "அஸ் எ கான்சிக்வென்ஸ்" என்ற தொடர் 'அதன் காரணமாக' என்று மட்டுமே சொல்லும், அதில் மிரட்டல் இல்லை.

அடுத்து, கூட வரும் சிறு சொற்கள். காரணத்தைச் சொல்ல 'ஆஃப்', பாதிக்கப்படுபவரைச் சொல்ல 'ஃபார்'. வறட்சியின் பின்விளைவு என்றால் கான்சிக்வென்சஸ் ஆஃப். விவசாயிகளுக்கு ஏற்படும் பின்விளைவு என்றால் கான்சிக்வென்சஸ் ஃபார். இங்கே 'ஃப்ரம்' வராது.

பலரைக் கவிழ்ப்பது "ஆஃப் நோ கான்சிக்வென்ஸ்". 'பின்விளைவே இல்லாத' என்று இதை மொழிபெயர்ப்பவர்கள் அதிகம். உண்மையில் 'பொருட்படுத்தத் தேவையில்லாத' என்பதே பொருள். எ மேன் ஆஃப் கான்சிக்வென்ஸ் என்றால் செல்வாக்குள்ளவர். பாவம், அவரை வம்புக்காரர் ஆக்கிவிடாதீர்கள்.

கான்சிக்வென்ட்லி, சப்சிக்வென்ட்லி இரண்டுக்கும் மூலம் 'பின்தொடர்' என்ற லத்தீன் வினைச்சொல்தான். அதனால்தான் பலர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது 'ஆகவே', இரண்டாவது 'பிறகு'. "கட்டணம் செலுத்தினேன், சப்சிக்வென்ட்லி இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று எழுதினால் அது நியாயமான புகார். அங்கே கான்சிக்வென்ட்லி போட்டால், பணம் கட்டியதற்காகவே இணைப்பைத் துண்டித்தார்கள் என்றாகிவிடும்.