குருத்வாராவில் சாப்பிடப் போகிறீர்களா? அசைவ விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமிர்தசரஸ், டில்லி பக்கம் டூர் போகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சீக்கியர்கள்தான் கோழி, ஆடு எல்லாம் சாப்பிடுவார்களே, அப்புறம் குருத்வாராவில் மட்டும் ஏன் சைவம்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் உள்ளே எப்படி நடந்துகொள்வது என்பது பாதி புரிந்துவிடும். அதனால் விதியையும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் விதி. குருத்வாரா வளாகத்துக்குள் இறைச்சி, மீன், முட்டை எதுவும் கொண்டுபோகக் கூடாது, சாப்பிடவும் கூடாது. மது, சிகரெட், பீடி, குட்கா, மெல்லுகிற புகையிலை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். சட்டைப்பையில் ஒரு ஹான்ஸ் பாக்கெட் இருந்தாலும் அதை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் ஆட்கள் பலர் இறைச்சியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள், ஆனால் சீக்கிய மரபில் புகையிலை அதைவிடக் கடுமையாகப் பார்க்கப்படுகிற விஷயம். அம்ருத்தாரி, அதாவது தீட்சை பெற்ற சீக்கியர், செய்யவே கூடாத நான்கு தவறுகளில் அதுவும் ஒன்று. வாசலில் நின்று "இங்கே பக்கத்தில் சிகரெட் எங்கே கிடைக்கும்" என்று கேட்பதைக்கூடத் தவிர்த்துவிடுங்கள்.

இரவு தங்குகிறவர்கள் பையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொற்கோயில் வளாகத்தின் சராய்கள், அதாவது குரு ராம்தாஸ் நிவாஸ் போன்ற யாத்ரிகர் விடுதிகள், கோயிலோடு சேர்ந்தவைதான், அங்கேயும் இதே கட்டுப்பாடு உண்டு. ரயிலில் சாப்பிட வாங்கிய முட்டை பிரியாணியில் மிச்சம், அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிப் பொடி, ஊறுகாய் பாட்டிலோடு வந்த கருவாடு என்று நீண்ட பயணத்தில் நமக்கே மறந்துபோன பொருள்கள் பையில் கிடக்கும். அறைக்குள் போவதற்கு முன்பே அதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது.

சரி, முந்தின நாள் இறைச்சி சாப்பிட்டிருந்தால் போகலாமா? தாராளமாகப் போகலாம். மாலை போட்டு விரதம் இருந்துதான் வரவேண்டும் என்பது போன்ற நிபந்தனை எதுவும் குருத்வாராவில் இல்லை. அமிர்தசரஸ் ஊரே மீன் வறுவலுக்குப் பேர்போனது, நேற்று அதைச் சாப்பிட்ட சீக்கியர் இன்று காலை தர்பார் சாகிப்பில், அதாவது பொற்கோயிலில், வணங்குவார். குடித்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.

இப்போது காரணத்துக்கு வருவோம். லங்கர் என்கிற பொதுச் சமையலும் பந்தியும் குருநானக் காலத்தில் தொடங்கியவை. இரண்டாம் குரு அங்கத் காலத்தில் அவருடைய மனைவி மாதா கீவி லங்கரைக் கவனித்துக்கொண்டார், அவர் பரிமாறிய நெய் கலந்த பாயசத்தைப் பற்றி சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபிலேயே ஒரு வரி இருக்கிறது. மூன்றாம் குரு அமர்தாஸ், தன்னைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தரையில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். பேரரசர் அக்பர் அவரைப் பார்க்க, அவர் இருந்த கோயிந்த்வாலுக்கு வந்தபோதும் அப்படித்தான் சாப்பிட்டார் என்பது சீக்கியர்கள் போற்றுகிற வரலாறு. சாதி பார்த்து, யார் கையால் சமைத்தது என்று பார்த்துச் சாப்பிட்ட காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பந்தியில் வைணவர், முஸ்லிம், சமணர் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் "இது எனக்கு ஆகாது" என்று தட்டைத் தள்ளிவைக்கிற நிலை வரக்கூடாது. இறைச்சி வைத்தால் ஒருவருக்கு மாடு ஆகாது, ஒருவருக்குப் பன்றி ஆகாது, இன்னொருவருக்கு எதுவுமே ஆகாது. சைவம் வைத்தால் எல்லாரும் சாப்பிடலாம். லங்கர் சைவமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். இறைச்சி தின்பவர் தாழ்ந்தவர் என்கிற எண்ணம் அதில் இல்லை, நான் அதை மிகவும் மதிப்பதும் அதனால்தான்.

சாப்பிடப் போகும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள், துணி இல்லாவிட்டால் வாசலிலேயே தருவார்கள். செருப்பை ஜோடா கரில், அதாவது செருப்பு வைக்கும் இடத்தில், விட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். பொற்கோயிலில் லங்கர் இரவு பகல் எந்நேரமும் நடக்கும். சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள், விழா நாட்களில் அது ஒரு லட்சத்தையும் தாண்டும். நுழையும்போதே தட்டு, கிண்ணம், ஸ்பூன் கொடுத்துவிடுவார்கள். வரிசையில் எங்கே இடம் வருகிறதோ அங்கேயே உட்காருங்கள், குடும்பத்தோடு தனியாக ஒரு மூலை தேடாதீர்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பல இடங்களில் ஓரமாக நாற்காலியோ பெஞ்சோ இருக்கும், கேட்டால் போதும். பருப்பு, ஒரு காய்கறி, ரொட்டி, பாயசம் ஆகியவை பெரும்பாலும் இருக்கும். ரொட்டியை இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். தட்டை நீட்டுவதோ ஒரு கையால் பிடுங்குவதோ மரியாதை இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், ஆனால் தட்டில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

சன்னிதியில் தருகிற கடா பிரசாதத்தையும் இரண்டு கைகளால்தான் வாங்க வேண்டும். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்ந்தது அது, கையெல்லாம் நெய் வழியும். சர்க்கரை நோய் இருந்தால் "தோடா" என்று சொல்லுங்கள், கொஞ்சமாக வைப்பார்கள். வேண்டவே வேண்டாம் என்று மறுப்பதைவிட ஒரு துளி வாங்கிக்கொள்வது நல்லது. பால், நெய் எதையும் தொடாத வீகன்காரர்கள் மட்டும் கைகூப்பி மறுத்துவிடலாம். லங்கர் பருப்பில் நெய் இருக்கக்கூடும், வெங்காயமும் பூண்டும் பெரும்பாலும் இருக்கும். கண்டிப்பான சமணர்கள் பரிமாறுகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எதையாவது கொடுக்க ஆசைப்பட்டால் மாவு, பருப்பு, அரிசி, சர்க்கரை, நெய், பால் பவுடர் என்று பிரிக்காத பாக்கெட்டாகக் கொடுங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோய் பந்தியில் பரிமாறுவது சரிவராது. பிறந்தநாளைக்கு கேக் கொண்டுபோகிறவர்கள் முட்டை சேர்க்காததா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிஸ்கட், மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய் ஆகியவற்றில் முட்டையோ ஜெலட்டினோ இருக்கலாம், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சமையலறையில் சேவை செய்ய விரும்பினால் வெங்காயம் உரிக்கலாம், ரொட்டி தேய்க்கலாம், பாத்திரம் கழுவலாம், யாரும் மதம் கேட்க மாட்டார்கள். ஆனால் பாத்திரத்திலிருந்து எடுத்து ருசி பார்க்கக் கூடாது.

இனி குருத்வாராவுக்கு வெளியே. சீக்கிய நடத்தை விதிகளான ரஹித் மரியாதா 1945-இல் இறுதி வடிவம் பெற்றது. அதில் அம்ருத்தாரிக்குத் தடை செய்யப்பட்டிருப்பது குட்டா இறைச்சி, அதாவது முஸ்லிம் முறைப்படி அறுத்த ஹலால் இறைச்சி. ஒரே வெட்டில் தலையைத் துண்டிக்கும் ஜட்காவுக்குத் தடை இல்லை. நம் கிராமத்துச் சாமிக்குக் கிடா வெட்டுகிறபோது ஒரே வீச்சில் வெட்டுவார்களே, ஜட்கா வெட்டும் அப்படித்தான். ஆனால் எல்லாச் சீக்கியரும் இதை ஏற்பதில்லை. அகண்ட கீர்த்தனி ஜத்தா என்கிற சீக்கியக் குழுவினர் குட்டா என்கிற சொல் எல்லா இறைச்சியையும் குறிக்கிறது என்கிறார்கள், நாம்தாரிகள் என்கிற பிரிவினரும் தூய சைவர்கள். இந்த வாதத்துக்கு முடிவே இல்லை. குருநானக்கே, இறைச்சியைப் பற்றி மூடர்கள் சண்டையிடுகிறார்கள், ஞானமும் தியானமும் அவர்களுக்குத் தெரியாது என்று பாடியிருக்கிறார், குரு கிரந்த் சாகிப் 1289-ஆம் பக்கத்தில் அது இருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியச் சீக்கியர்களில் 59 சதவீதம் பேர் தங்களைச் சைவர் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தலைப்பாகையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேரில் பார்த்துக் குழம்புவீர்கள். நீல உடையும் ஆயுதமும் தரித்த நிஹங்குகள் பழைய போர் மரபைக் காப்பவர்கள். பஞ்சாபின் ஆனந்த்பூர் சாகிப்பில் ஹோலா மஹல்லா திருவிழா நேரத்தில் அவர்கள் முகாம்களில் ஜட்கா இறைச்சி சமைப்பதுண்டு. மகாராஷ்டிராவில் நாந்தேட் ஊரிலுள்ள ஹசூர் சாகிப் குருத்வாராவிலும் ஆடு வெட்டும் பழைய வழக்கம் தொடர்கிறது. அது அவர்களுடைய தனி மரபு. அதைக் காட்டி உங்கள் ஊர் குருத்வாராவில் அசைவம் கேட்க முடியாது.

கல்யாணத்துக்கும் இதே கவனம் வேண்டும். குருத்வாராவில் நடக்கிற ஆனந்த் காரஜ் என்கிற சீக்கியத் திருமணத்தில் விருந்தும் சைவம்தான். தந்தூரிக் கோழியும் விஸ்கியும் பிறகு வேறு மண்டபத்தில் நடக்கிற வரவேற்பில் வரலாம்.

சீக்கிய நண்பரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், இறைச்சி சாப்பிடுவாரா என்பதோடு ஹலால் ஆகுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நம் ஊர் மட்டன் கடைகளில் பல ஹலால் கடைகள்தான், குட்டா தடையைப் பின்பற்றுகிற அம்ருத்தாரி தயங்கிக்கொண்டே தட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிடும். சந்தேகம் இருந்தால் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துவிடுங்கள், சாப்பாட்டு மேசையில் சிகரெட் பாக்கெட்டை மட்டும் வைக்காதீர்கள்.