கிரிஸ்டல் வயலெட் வெளுக்கும் வேகம்: பிஎச்சை மாற்றி அளக்கும் முறை

கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம் காரத்தில் நிறமிழக்கும் வேகத்தை அளக்கும் சோதனை இது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் இதைச் செய்தால் முதல் எதிரி வெக்கைதான். 10 டிகிரி கூடினால் இந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். காலையில் ஒரு பிஎச், மத்தியானம் இன்னொன்று என்று அளந்தால், வேகம் கூடியது காரத்தாலா வெயிலாலா என்று பிரிக்கவே முடியாது. 25 டிகிரிக்காகப் பனிக்கட்டி போட்டுப் போராட வேண்டாம். குளிர்ந்த குவெட் (ஒளியளவியில் கரைசலை வைக்கும் சிறு கலம்) வெளிப்புறம் வேர்த்து, உட்கவர்தல் (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்ற அளவு) பொய்யாக ஏறும். வாட்டர் பாத்தை 35 டிகிரியில் நிறுத்தி, எல்லாக் கரைசலையும் குவெட்டையும் பத்து நிமிடம் அதில் வையுங்கள்.

சாயம் லிட்டருக்கு 10 மில்லிகிராம். சோடியம் ஹைட்ராக்சைடு 0.04 மோலார், அதாவது லிட்டருக்கு 1.6 கிராம். சோடியம் குளோரைடும் 0.04 மோலார், 2.34 கிராம். எல்லாம் காய்ச்சி வடித்த நீரில். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியானாலும் குழாயில் வருவது இதற்கு ஆகாது: அதிலுள்ள குளோரின் சாயத்தைத் தானே வெளுக்கும். போர் தண்ணீரில் மெக்னீசியம் காரத்தோடு சேர்ந்து கலங்கும்.

காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டே இருக்கும். அன்றன்றே ஆக்சாலிக் அமிலத்தோடு தரம் பார்த்து (டைட்ரேட் செய்து), அதன் சரியான செறிவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காரமும் உப்பும் சேர்ந்து எப்போதும் 5 மில்லி: 5 + 0, 3.75 + 1.25, 2.5 + 2.5, 1.25 + 3.75. இதில் 5 மில்லி சாயத்தை ஊற்றும் நொடியில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். ஹைட்ராக்சைடு 0.020, 0.015, 0.010, 0.005 மோலாராக அமையும். 0.020 மோலாரின் பிஎச் 25 டிகிரியில் 12.3, 35 டிகிரியில் 12.0 அளவுதான். இவ்வளவு காரத்தில் பிஎச் மீட்டரின் கண்ணாடி மின்முனையும் சோடியத்தால் பிசகும். ஆகவே மீட்டரை நம்பாமல் செறிவையே கணக்கில் எடுங்கள்.

ஒளியளவியை 590 நானோமீட்டரில் நிறுத்தி, சாயமில்லாத காரத்தை வைத்துச் சுழியம் பிடியுங்கள். தொடக்க உட்கவர்தல் 1-ஐ ஒட்டி இருக்கும். 0.020-க்கு 10 நொடிக்கு ஒருமுறை, 0.005-க்கு 30 நொடிக்கு ஒருமுறை குறித்தால் போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குவெட்டை வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள். சுவரில் மெல்லிய ஊதா தெரிந்தால் எத்தனாலில் கழுவுங்கள். அந்தக் கறைதான் கோட்டின் வாலை மேலே வளைக்கும்.

உட்கவர்தலின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு. அதன் சரிவு, குறைக்குறியை நீக்கினால், போலி முதல் வகை வேக மாறிலி (காரம் மிகையாக இருப்பதால் வேகம் சாயத்தின் அளவை மட்டும் பொறுத்ததுபோல் அமையும்). ஹைட்ராக்சைடு இரட்டித்தால் இதுவும் இரட்டிக்க வேண்டும். இந்த மாறிலியை ஹைட்ராக்சைடு செறிவுக்கு எதிரே வரைந்த கோடு அதிகக் காரத்தில் கீழே சாய்ந்தால் உப்பு சேர்த்தீர்களா என்று பாருங்கள்: சாய அயனி நேர்மின், ஹைட்ராக்சைடு எதிர்மின், அயனி வலிமை (கரைசலிலுள்ள மொத்த அயனிகளின் அளவு) கூடக்கூட இரண்டும் சேரும் வேகம் குறையும்.