‘இன்னும் ஒரே ஒரு வாய்’: பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்று வரை விரும்பித் தின்ற இட்லி இன்று பிடிக்காது. தோசையைப் பிய்த்துத் தட்டில் வைத்தால் அழுகை, முழுசாகத்தான் வேண்டும். முழுசாக இன்னொன்று வார்த்துக் கொடுத்தால், முதலில் பிய்த்த தோசையையே ஒட்டித் தரச் சொல்லி அதைவிடப் பெரிய அழுகை. பொங்கலில் இருந்த மிளகையெல்லாம் பொறுக்கிவிட்டோம் என்று நிமிர்ந்தால், நமக்குத் தெரியாத கறிவேப்பிலைத் துணுக்கு பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரசம் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, முழுங்காமலே வீட்டைச் சுற்றிவரும். அதே பிள்ளை பக்கத்து வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் வைத்த ரசம் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். “உங்க புள்ள நல்லாத்தானே சாப்பிடுது” என்று அந்த அம்மா சொல்லும்போது சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை உள்ள வீடுகளில் இது நடக்காத வீடு குறைவு. சமைத்துக் களைத்தவருக்கு வரும் எரிச்சல் நியாயமானது. ஆனால் இந்த இழுபறி நீண்டுகொண்டே போவதற்குப் பிள்ளையின் பிடிவாதத்தைவிட நம்முடைய பயமே பெரிய காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். பிள்ளை பட்டினி கிடந்துவிடுமோ என்ற பயத்தில் நாம் செய்கிற சில காரியங்கள்தான் சாப்பாட்டின் மீதே அதற்கு வெறுப்பு வரக் காரணமாகின்றன.

பசி குறைந்ததும் பதறுவது

மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ இருக்கும். ஒரே ஆண்டில் ஆறு கிலோ ஏறியிருக்கிறது. அடுத்த ஆண்டு முழுவதிலும் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதன் பிறகும் பள்ளிக்குப் போகும் வரை ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் ஏறும். வளரும் வேகம் இப்படிக் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. அதே நேரத்தில் பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, கையும் காலும் நீளுகின்றன, கன்னத்துச் சதை வடிகிறது. ஊரிலிருந்து வந்த அத்தை “என்னடி, புள்ள இப்படி எளைச்சுப் போச்சு?” என்று கேட்டுவிட்டால், அன்றிரவே ஊட்டும் கிண்ணம் பெரிதாகிவிடுகிறது.

அத்தையின் கேள்விக்குப் பதில் அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ உள்ள வளர்ச்சி அட்டையில் இருக்கிறது. எடையும் உயரமும் பிள்ளைக்கு உரிய கோட்டை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தால், அது தனக்கு வேண்டியதைச் சாப்பிடுகிறது என்று பொருள். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. காலையில் இரண்டு வாயோடு எழுந்துபோகும் பிள்ளை மாலையில் மூன்று இட்லி கேட்கும். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது தின்றது எவ்வளவு என்று தெரியும். பரிமாறும் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறு மூன்று மேசைக்கரண்டி, பொரியல் மூன்று மேசைக்கரண்டி. போதவில்லை என்றால் அதுவே கேட்கட்டும். கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் அதற்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. தட்டு நிறையக் குவித்து வைத்து அந்த மகிழ்ச்சியை நாம் எடுத்துவிடுகிறோம்.

புதிய உணவைக் கண்டு ஒதுங்குவதும் இந்த வயதுக்கே உரியது. இரண்டு வயதில் தொடங்கி ஆறு வயது வரை அது உச்சத்தில் இருக்கும். கசப்பும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தெரியும். முருங்கைக்கீரையைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளை நம்மை அவமதிக்கவில்லை.

வற்புறுத்துவதும் ஆசை காட்டுவதும்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

“அம்மாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்” என்று அன்பாகத்தான் தொடங்குகிறது. உறவினர் பட்டியல் தீர்ந்ததும் பூச்சாண்டி வருகிறான், போலீஸ் மாமா வருகிறார், ஊசி போடும் டாக்டர் வருகிறார். அவர்களும் பலிக்காதபோது, பிள்ளையைக் காலிடுக்கில் போட்டு, தாடையை அழுத்தி, அழும் வாய்க்குள் சோற்றைத் தள்ளும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. இது ஆபத்து. அழும்போது பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும். அப்போது வாயில் இருக்கும் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். எந்தக் காரணத்துக்காகவும் இதைச் செய்யக் கூடாது. ஊசியைச் சொல்லி மிரட்டினால் அடுத்த தடுப்பூசி நாளில் மருத்துவமனை வாசலிலேயே அலறல் தொடங்கும். அதைச் சமாளிக்க வேண்டியதும் நாம்தான்.

மென்மையான வற்புறுத்தல்கூட எதிர்மாறாகவே வேலை செய்கிறது. அமெரிக்காவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு வகை சூப்பைக் கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. “சூப்பைக் குடிச்சு முடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் கூடுதலாகச் சொன்னார்கள். யாரும் எதுவும் சொல்லாமல் வைத்த சூப் கூடுதலாக உள்ளே போனது. லியன் பர்ச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், புளித்த பாலில் செய்த ஒரு புதிய பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பரிசுக்காகக் குடித்தவர்களுக்குப் பின்னர் அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்துபோனது. “கீரை சாப்பிட்டா சாக்லேட்” என்று நாம் சொல்லும்போதும் பிள்ளைக்குப் புரிவது இதுதான்: கீரை ஒரு தண்டனை, அதைத் தாண்டினால் கிடைப்பதுதான் நல்ல உணவு. சாக்லேட் கொடுக்க நினைத்தால் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிடுங்கள்.

அப்படியென்றால் பிள்ளை போக்கில் விட்டுவிடுவதா? 1920-களின் பிற்பகுதியில் தொடங்கி 1930-கள் வரை கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் செய்து பார்த்தது இங்கே உதவும். அப்போதுதான் பால்குடி மறந்த 15 குழந்தைகளை வைத்துக்கொண்டு, சர்க்கரையோ டப்பா உணவோ இல்லாத 34 இயற்கையான உணவுகளைத் தேர்ந்தெடுத்தார். வேளைக்குச் சிலவாக அவற்றைத் தட்டில் வைப்பார்கள். செவிலியர் கரண்டியோடு பக்கத்தில் அமைதியாக இருப்பார். குழந்தை கை நீட்டினால் மட்டுமே ஊட்டுவார். பாராட்டும் கிடையாது, அதட்டலும் கிடையாது. அவை தின்ற விதம் எந்தத் தாயையும் பதற வைக்கும். ஒரு குழந்தையின் காலைச் சாப்பாடு ஏறக்குறைய அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும் ஈரலும். இன்னொன்றின் இரவுச் சாப்பாடு பல முட்டைகள், வாழைப்பழம், பால். எந்த இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி சாப்பிடவில்லை. ஆனாலும் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. இதில் கவனிக்க வேண்டியது, தட்டில் என்ன வரலாம் என்பதைப் பெரியவர்கள்தான் முடிவு செய்தார்கள் என்பது. தட்டில் தீங்கான உணவே இல்லாததால் குழந்தை எதை எடுத்தாலும் பழுதில்லை.

பின்னாளில் எலின் சாட்டர் என்ற உணவியலாளர் இதையே தெளிவான வேலைப் பிரிவினையாகச் சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்கிறோம், அது மேகி என்கிறது. எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்து, கிண்ணம் காலியாகும் வரை பின்னாலேயே ஓடுகிறோம். இந்த ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டாலே வீட்டில் சத்தம் பாதி குறையும்.

முதல் சில நாட்கள் கடினம். பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்துபோகும். போகட்டும். தட்டை எடுத்துவிட்டு, “சரி, அடுத்தது சாயங்காலம்தான்” என்று கோபமில்லாமல் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் “பசிக்குது” என்று வந்து நின்றால் தண்ணீர் கொடுக்கலாம். சாயங்காலம் வந்ததும் மனம் இரங்கி ஜாம் தடவிய பிரெட்டை நீட்டாமல், சுண்டல், வாழைப்பழம், சின்ன தோசை என்று வழக்கமானதையே கொடுங்கள்.

கைபேசி

பாட்டு ஓடும்போது பிள்ளை வாயைத் திறக்கிறது, சோறு உள்ளே போகிறது, கிண்ணம் காலியாகிறது. அந்த நிம்மதி புரிகிறது. ஆனால் பிள்ளை அங்கே சாப்பிடவில்லை. எதைத் தின்றோம், வயிறு நிறைந்ததா என்பது அதற்குத் தெரியவே இல்லை. அடுத்த வேளை கைபேசி இல்லாமல் வாய் திறக்காது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், அதன் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் நாமும் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து அதே குழம்பைச் சாப்பிட்டால் போதும். தானே பிசைந்து தின்னட்டும். தரையெல்லாம் சோறாகும், பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

பாலும் பிஸ்கட்டும்

“சாப்பாடுதான் இறங்கல, பாலாவது குடிக்கட்டும்.” பிள்ளையைப் பட்டினி போடாத திருப்திக்காக நாம் சொல்லும் இந்த வாக்கியம்தான் அடுத்த வேளைப் பசியையும் கெடுக்கிறது. காலையில் ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு பிஸ்கட், தூங்கும் முன் புட்டிப்பால் என்று போனால் மதியச் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டர் பால் போதும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு; மற்ற உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கிறது. இரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். பசி மந்தமானால் இன்னும் பாலைக் கொடுப்போம். இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கும், இந்திய அளவில் 67 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருந்தது.

பாலில் கலக்கும் சத்து மாவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரையின் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

இரண்டு முறை கொடுத்துவிட்டுக் கைவிடுவது

“எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பீன்ஸ் பிடிக்காது” என்று முடிவு கட்டுவதற்கு முன் எத்தனை முறை வைத்துப் பார்த்தோம்? ஒரு புதிய உணவு பிள்ளைக்குப் பழக எட்டு முதல் பதினைந்து முறை வரை ஆகலாம். ஒவ்வொரு முறையும் தின்ன வேண்டும் என்பதில்லை. முதல் முறை பார்க்கும், அடுத்தது தொடும், பிறகொரு நாள் நக்கிவிட்டுத் துப்பும். துப்பியதும் முன்னேற்றமே. பிடித்த பருப்புச் சாதத்தின் பக்கத்தில் இரண்டே இரண்டு பீன்ஸ் துண்டுகளை வைத்துவிட்டு, அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதுதான் வழி. கேரட்டை அரைத்து மாவில் கலந்து தோசை வார்ப்பது சத்துக்கு நல்லது. ஆனால் காய் காயாகவும் தட்டில் தெரிய வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அதைப் பழகவே பழகாது.

பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டுச் சமையலில் அது சாப்பிடக்கூடிய ஒன்று இருந்தால் போதும். தயிர்சாதம் பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

மற்ற பிள்ளைகளோடு உட்கார வைப்பது நம் கையில் இருக்கும் மிக நல்ல உபாயம். பக்கத்து வீட்டு ரசம் இனிப்பதும் இதனால்தான். பட்டாணி பிடிக்காத பிள்ளையை, பட்டாணி விரும்பும் பிள்ளைகளோடு சில நாள் உட்கார வைத்தபோது அதுவும் பட்டாணியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதை 1980-லேயே பர்ச் பதிவு செய்திருக்கிறார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிடுகிறார்கள். வீட்டில் உப்புமா என்றால் ஓடும் பிள்ளை அங்கே காலி செய்கிறது என்று பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சித்தி, மாமா பிள்ளைகள் வந்தால் ஒரே பந்தியில் போடுங்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது

எல்லாமே பருவக் கோளாறு என்று இருந்துவிடுவதும் தவறுதான். எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, முகம் வெளுத்துச் சோர்ந்திருந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, கூழ் போன்றதைத் தவிர வேறெதையும் மெல்லாவிட்டாலோ, தின்னும் உணவுகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தாலோ காத்திருக்க வேண்டாம். மண், சாம்பல், சுண்ணாம்பு தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்குப் பசிக்காது. அதைச் சரிசெய்தாலே சாப்பிடத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது வளர்ச்சி அட்டையோடு, ஒரு வாரம் பிள்ளை தின்றதையெல்லாம் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பாலும் பிஸ்கட்டும் தாத்தா கடையில் வாங்கிக் கொடுத்த முறுக்கும் அதில் இருக்க வேண்டும்.