ஜீரோ பேலன்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்: கரண்ட் அக்கவுண்ட் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் புதிதாகக் கடை போட்ட ஒரு தம்பி போன வாரம் என் ஆபீஸுக்கு வந்தார். காலை வியாபாரத்தை முடித்த கையோடு வந்திருந்தார். சட்டையில் மல்லி வாசம் இன்னும் போகவில்லை. போனை நீட்டிக் காட்டினார். கரண்ட் அக்கவுண்டிலிருந்து, அதாவது தொழிலுக்கென்று வைத்திருக்கும் நடப்புக் கணக்கிலிருந்து, 1,180 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

"தெனமும் லச்ச ரூவா பொரளுதுண்ணே. எனக்குப் போயி பேலன்ஸ் இல்லைன்னு பிடிச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய எரிச்சலும் வந்தது. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுத்து ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது என் தொழில். இதே தவறைச் செய்து நாலு முறை தண்டம் கட்டியவனும் நான்தான். வருஷத்துக்குப் பத்துப் பேராவது இதே முகத்தோடு வந்து நிற்கிறார்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே, செக்கில் வெற்றுக் கையெழுத்துப் போடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

புரளுகிற பணத்தைத் தங்குகிற பணம் என்று நினைப்பது

சிம்மக்கல்லில் ஆபீஸ் போட்ட புதிதில், ஒரு வங்கியிலிருந்து டை கட்டிய பையன் ஒருவர் வந்தார். "சார், இது ஜீரோ பேலன்ஸ். நீங்க எதையும் பாக்கவே வேண்டாம்" என்றார். கையில் கொடுத்த நோட்டீஸிலும் கொட்டை எழுத்தில் அதுதான் இருந்தது. பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அதற்கு விளக்கம்: ஸ்வைப் மெஷின் வழியாகக் காலாண்டுக்கு இவ்வளவு வரவு இருந்தால் மட்டும் ஜீரோ, இல்லாவிட்டால் காலாண்டுச் சராசரி இருப்பு 25,000 ரூபாய். கணக்கு எழுதுகிறவனிடம் வந்து யார் கார்டு தேய்ப்பார்கள்? மெஷினே நான் வாங்கவில்லை.

முதல் மூன்று காலாண்டும் 1,500 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 1,770 பிடித்திருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. அடுத்தவன் கணக்கை வரி வரியாகப் பார்க்கிறவன் தன் ஸ்டேட்மெண்டைப் பார்ப்பதில்லை, அதுதான் வழக்கம்.

கவனித்த பிறகு செய்ததுதான் பெரிய கூத்து. மார்ச் கடைசி வாரம் 25,000 ரூபாயைப் போட்டு, ஏழு நாள் தொடாமல் வைத்தேன். காலாண்டு முடிகிறபோது பேலன்ஸ் இருந்தால் போதும் என்று நினைப்பு. ஏப்ரலில் மறுபடியும் 1,770. மொத்தம் 7,080.

சராசரி இருப்பு என்றால், ஒவ்வொரு நாளும் இரவு கணக்கில் மிஞ்சும் தொகையை எல்லாம் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள். 25,000 சராசரி வரவேண்டுமானால் கூட்டுத்தொகை 22.5 லட்சம் இருக்க வேண்டும். நான் வைத்தது ஏழு நாளுக்கு 25,000, அதாவது 1.75 லட்சம். வகுத்தால் சராசரி 1,944 ரூபாய். பள்ளிக்கூடப் பையன் போடுகிற கணக்கு. இன்றைக்கு நினைத்தாலும் கடுப்பாக இருக்கிறது.

பூக்கடைத் தம்பியின் கதையும் இதுதான். விடிகாலையிலிருந்து ஒரு லட்சம் வருகிறது. பத்து மணிக்குள் விவசாயிகளுக்கு அனுப்பியாகிவிடுகிறது. சாயங்கால வசூல் வந்தால் அதையும் ராத்திரியே தன் சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றிவிடுகிறார். இரவு மிஞ்சுவது எண்ணூறு, ஆயிரம். மாடு எவ்வளவு கறந்தது என்று வங்கி பார்ப்பதில்லை. ராத்திரி உறியில் எவ்வளவு தங்கியது என்றுதான் பார்க்கிறது.

"சேவிங்ஸுக்கு ஏன் மாத்துறீங்க?" என்று கேட்டேன்.

"அங்க வட்டி வரும்ல. கரண்ட்ல ஒண்ணும் கிடையாதே."

சரி, அதையும் கணக்குப் போட்டோம். இரண்டரை சதவீத வட்டியில் ஒரு லட்சம் ஒரு ராத்திரி தங்கினால் ஏழு ரூபாய்கூட வராது. அவர் கணக்குக்கு வேண்டிய சராசரி 10,000. 90 நாளுக்குக் கூட்டுத்தொகை 9 லட்சம். ஒரு லட்சத்தை ஒன்பது ராத்திரி கரண்ட் அக்கவுண்டில் தூங்கவிட்டால் போதும், மீதி 81 நாளும் கணக்கு காலியாகக் கிடந்தாலும் கட்டணம் விழாது. அறுபது ரூபாய் வட்டிக்கு ஆசைப்பட்டு 1,180 ரூபாயை விட்டிருக்கிறார்.

"ஒம்பது நாள்தானாண்ணே? முகூர்த்த ஆர்டர் அட்வான்ஸே அத்தனை நாள் தங்குமே!"

விவசாயிக்குக் கொடுக்கவேண்டியதை இழுத்தடித்துச் சராசரி காட்டச் சொல்லவில்லை. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தப் பணத்தை அவசரப்பட்டு வெளியே தள்ளவேண்டாம், அவ்வளவுதான். உங்கள் வங்கி மாதச் சராசரி பார்க்கிறதா, காலாண்டுச் சராசரி பார்க்கிறதா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு என்றால் ஒரே முகூர்த்த மாதத்தை வைத்து மூன்று மாதத்தைச் சமாளிக்க முடியாது. அப்புறம், கூட்டிப் பார்க்கும்போது ஸ்டேட்மெண்டில் நாளின் கடைசி வரியை மட்டும் எடுங்கள்.

சேவிங்ஸ் விதி கரண்டுக்கும் பொருந்தும் என்று நம்புவது

டீக்கடைப் பேச்சில் வருகிற தவறு. "மினிமம் பேலன்ஸையே எடுத்துட்டாங்களே" என்பார்கள். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் எடுத்தது. கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி எல்லாம் 2025இல் எடுத்தன. எல்லாம் சேமிப்புக் கணக்குக்கு.

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட சுற்றறிக்கையும் அப்படித்தான். இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதம் கொடுக்க வேண்டும், கட்டணம் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும், இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற நல்ல விதிகள். ஆனால் அவை பேசுவது சேமிப்புக் கணக்கைப் பற்றி. கரண்ட் அக்கவுண்டில் வங்கியின் கட்டண அட்டவணைதான் சட்டம். காலியாகக் கிடக்கிற கணக்கு மைனஸில் போய், அடுத்து வருகிற முதல் ஆயிரத்தை அப்படியே விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ரொக்கம் கட்டினால் காசு கேட்க மாட்டார்கள் என்பது

கேட்பார்கள். மாதத்துக்கு இவ்வளவு வரை இலவசம், தாண்டினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அட்டவணையில் இருக்கும். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பேலன்ஸைப் பிறகு பார்க்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.எஸ். கட்டணத்துக்காகச் சண்டை போடுவது

விடுங்கள்.

வேறு வங்கி ஏ.டி.எம்.மில் பேலன்ஸ் பார்ப்பது

இங்கே மெட்ரோ ரயில் இன்னும் பேச்சாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி கணக்கிலும் மதுரை மெட்ரோ நகரம் கிடையாது. அதில் ஒரு லாபம்: சேமிப்புக் கணக்குக்காரருக்குச் சென்னையில் வேறு வங்கி ஏ.டி.எம். மாதம் மூன்று முறை இலவசம், நமக்கு ஐந்து முறை. பேலன்ஸ் பார்த்தாலும் அது ஒரு முறைதான். வரம்பு தாண்டிப் பணம் எடுத்தால், 2025 மே 1 முதல், ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரையும் வரியும்.

பழைய சம்பளக் கணக்கை அப்படியே போட்டுவிட்டுத் தொழிலுக்கு வருவது

சம்பளம் நின்றால் அது சாதாரண சேவிங்ஸ் ஆகிவிடும், பேலன்ஸ் கேட்கும். மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே மறந்துபோய் இரண்டு வருஷத்துக்கு மேல் நீங்கள் ஒன்றும் செய்யாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம். செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போடக் கூடாது. உயிர்ப்பிக்கவும் கட்டணம் வாங்கக் கூடாது.

கவுண்டரில் கத்துவது

கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பெண் அந்த அட்டவணையை எழுதவில்லை. கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதிக் கொடுத்து, தேதி போட்ட அத்தாட்சி வாங்குங்கள். "எனக்கு இந்த நிபந்தனையைச் சொன்னதற்கான எழுத்துச் சான்றைக் காட்டுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் என் நாலு கட்டணத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

தம்பி கிளம்பும்போது, கணக்குத் தொடங்கிய அன்று கொடுத்த நோட்டீஸை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அன்று சாயங்காலமே அனுப்பினார். ஜீரோ பேலன்ஸ் என்ற கொட்டை எழுத்து நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் நட்சத்திரமும் தெரிகிறது. தாளின் அடிப்பகுதி மட்டும் போட்டோவில் வரவில்லை. "கீழ என்னமோ பொடிசா இருந்துச்சுண்ணே, வேணாம்னு வெட்டிட்டேன்" என்று எழுதியிருந்தார்.