ஹட்டிக்கும் ஹட்டிக்கும் வாலிபால்: சண்டை வராமல் டோர்னமென்ட் நடத்துவது எப்படி

மலையில் ஒரு டோர்னமென்ட் கைகலப்பில் முடிந்தால் பழி முழுக்க அம்பயர் தலையில் விழும். உண்மையில் அந்தச் சண்டைக்கு விதை அட்டவணை போட்ட அன்றே விழுந்திருக்கும். யார் எந்த ஊருக்கு ஆடலாம், தோற்ற டீம் மீதி நேரம் என்ன செய்யும், கூட்டம் எங்கே நிற்கும் என்ற மூன்றுக்கும் முன்கூட்டியே பதில் வேண்டும். நீலகிரியில் வாழும் படுகர் மக்களின் ஊருக்கு ஹட்டி என்று பெயர். அங்கே 8 டீம், ஒரே கோர்ட், 2 நாள் என்ற கணக்கில் சொல்கிறோம்.

ஜனவரி அல்லது பிப்ரவரியில் வையுங்கள். கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை டிசம்பர் வரை உண்டு. ஏப்ரல், மே சீசனில் ரோடே நகராது.

கோர்ட் 18×9 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24×15 மீட்டர் சமதளம் தேவை. தண்ணீர் வடிய மண்ணைச் சரிவாக விட்டிருப்பார்கள் என்பதால் நெட் உயரத்தை நடுவில் மட்டும் அளந்தால் போதாது. ஆண்களுக்கு நடுவில் 2.43 மீட்டர், இரண்டு ஓரமும் ஒரே உயரம், நடுவைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக் கூடாது. பள்ளத்துப் பக்கம் பழைய வலை கட்டி, 3 பந்தாவது கையில் வையுங்கள். தேயிலைச் செடிக்குள் போன பந்தைத் தேடும் 5 நிமிடத்தில்தான் வாய்த்தகராறு வளரும். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த பந்து ஊட்டியில் கல்லாக இருக்கும், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அளவு 0.30 முதல் 0.325 கிலோ/ச.செ.மீ.; கோர்ட்டில் வைத்தே அளந்து சரிசெய்யுங்கள்.

அடுத்தது ஆட்கள். ஒரு படுகர் ஹட்டிக்குள் எல்லோரும் அண்ணன் தம்பி முறை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேறு ஹட்டியில். அதனால் நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பல சமயம் மாமனாகவோ மச்சானாகவோதான் இருப்பார். மச்சானைக் கிண்டல் செய்ய உரிமை உண்டு. அதே வார்த்தை மைக்கில் வந்தால் ஊருக்கே அவமானம், அடுத்த கல்யாணம் வரை பேச்சு ஓடும். ஆகவே மைக் பிடிப்பவர் ஸ்கோரையும் ஆட்டக்காரர் பெயரையும் தவிர எதுவும் சொல்லக் கூடாது. டீம் பெயர் ஊர் பெயராகவோ எஸ்டேட் டிவிஷன் பெயராகவோ இருக்கட்டும். ஜெர்சியில் சாதி, கட்சி, தலைவர் படம் எதுவும் வேண்டாம்.

மாப்பிள்ளை எந்த ஊருக்கு ஆடுவார், கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பையன் உள்ளூரா என்ற கேள்விகள் கட்டாயம் வரும். குடும்பத்தின் ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர். ஒருவருக்கு ஒரே டீம். 10 பேர் பட்டியல் 7 நாள் முன்பே பூட்டப்படும். பட்டியலை எல்லா கேப்டனுக்கும் அனுப்பி, ஆட்சேபம் இருந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே பேசி முடித்துவிடுங்கள்.

நாக்-அவுட் வைத்தால் 7 மேட்சில் முடியும், ஆனால் 4 டீம் ஒரே மேட்சோடு வெளியே. காலை 11 மணிக்குத் தோற்று, சாயங்கால பஸ் வரை வேலையின்றிக் கோவத்தோடு உட்கார்ந்திருக்கும் 40 பேர்தான் உங்கள் பிரச்சினை. நான்கு நான்காக 2 பிரிவு லீக் வையுங்கள்: 12 லீக், 2 அரையிறுதி, 1 இறுதி, ஆக 15 மேட்ச். மூன்று செட் ஆட்டத்துக்கு 50 நிமிடம் ஒதுக்கி, முதல் நாள் 9:30க்குத் தொடங்கினால் 8 மேட்ச் 4:10க்கு முடியும். மறுநாள் மீதி லீக், அரையிறுதி 2:30க்கு முடிந்துவிடும், இறுதிக்கு ஐந்து செட் தாங்கும். 5 மணிக்கு மேல் இழுக்காதீர்கள், காட்டெருமையும் கரடியும் இறங்கும் நேரம் அது. 2-0 வெற்றிக்கு 3 புள்ளி. 2-1 என்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. தோற்கிற டீமும் கடைசி செட் வரை உயிரைக் கொடுத்து ஆட அந்த ஒரு புள்ளி போதும்.

சேர்ந்து சாப்பிட்டால் பகை போய்விடும் என்று நம்பிப் பெரிய விருந்து போடுகிறார்கள். 1954ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு அணியாக்கி, பரிசு வைத்து மோதவிட்டார். கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. ஒரே கூடத்தில் சாப்பிடவைத்தபோது சாப்பாட்டையே வீசிக்கொண்டார்கள். குடிநீர்க் குழாய் அடைப்பை எடுக்க, நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுக்க என்று இரு தரப்பும் சேர்ந்தே தீரவேண்டிய வேலைகள் வந்த பிறகுதான் பகை தணிந்தது. அதனால் டோர்னமென்ட் தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை ஒவ்வொரு டீமிலிருந்தும் 2 பேரை வரச்சொல்லி, வேறு வேறு ஊர்க்காரர்களை ஜோடி சேர்த்து, போஸ்ட் குழி, சுண்ணாம்புக் கோடு, தண்ணீர் டிரம் வேலைகளைக் கொடுங்கள். லைன் பார்ப்பதும் அப்போது ஆடாத டீம்களின் வேலை. கோட்டோரம் நின்று பந்தின் தடத்தைப் பார்த்துக் கொடி காட்டியவன் அடுத்த மேட்சில் லைன்ஸ்மேனிடம் கத்தத் தயங்குவான்.

கூட்டம் அம்பயரையும் அசைக்கும். 2020ல் ரசிகர் இல்லாமல் நடந்த ஐரோப்பியக் கால்பந்தில் வெளியூர் டீம்கள் வாங்கிய மஞ்சள் அட்டை குறைந்தது. மேட்டில் நிற்கும் கூட்டத்தைப் பக்கக் கோடுகளின் ஓரமாக மட்டும் நிறுத்துங்கள், சர்வீஸ் போடுபவர் முதுகுக்குப் பின்னால் யாரும் வேண்டாம். அம்பயரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம். புகார் என்றால் 15 நிமிடத்துக்குள் எழுத்தில், 200 ரூபாய் கட்டி. நியாயமான புகாருக்குப் பணம் திரும்பும். தீர்ப்பு சொல்லும் 3 பேரும் அந்த இரு ஊரையும் சேராதவர்கள்.

மேகம் இறங்கினால் என்ன என்பதையும் நோட்டீஸிலேயே போடுங்கள். ஏணியில் நிற்கும் அம்பயருக்குப் பின்கோடு தெரியாவிட்டால் ஆட்டம் நிற்கும். 4 மணி நேரத்துக்குள் அதே கோர்ட்டில் தொடர்ந்தால் பழைய ஸ்கோர் அப்படியே. வேறு கோர்ட்டுக்கு மாறினால் அந்த செட் மட்டும் முதலிலிருந்து, முடிந்த செட்கள் செல்லும்.

முதல் பரிசு 10,000, இரண்டாவது 3,000 என்று வைத்தால் வெளியாளை இறக்கும் ஆசை தானாக வரும். 5,000, 4,000, அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 2,000 வீதம் என்று பிரியுங்கள். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்பே பரிசு கொடுத்துவிடுங்கள். நெட்டைக் கழற்றிக் குழி மூடுவது, தொடங்கும் முன் தோண்டிய அதே ஜோடிகள்.